தண்ணீருக்கும் ‘ட்ரேஸ்’ காட்டிய கைபேசி

குடியாத்தத்தில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தில் 17 ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மருத்துவ முகாம்களுக்குச் சென்று சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது வழக்கம். முன்பெல்லாம் சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டையின், அதாவது யூரின் ஸ்ட்ரிப்பின் நிறத்தை டப்பாவில் ஒட்டியிருக்கும் நிற அட்டவணையோடு கண்ணால் ஒப்பிட்டுத்தான் எழுதுவோம். இப்போது கைபேசியில் படம் எடுத்தால் செயலியே ‘நெகட்டிவ்’ (இல்லை), ‘ட்ரேஸ்’ (மிகச் சிறிதளவு), ‘ஒன் பிளஸ்’ என்று சொல்லிவிடுகிறது. அந்த வசதியை நான் உளமார வரவேற்றவள். ஒரே ஸ்ட்ரிப்பை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாக எழுதிய நாட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடந்த கோடையில் ஒடுகத்தூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் திருவிழாவுக்காகக் கட்டியிருந்த பச்சை நிழல்வலையின் கீழே மேசை போட்டோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பதினொரு மணிக்குள் 27 பேருக்குச் சிறுநீர் பார்த்திருந்தோம். அவர்களில் 19 பேருக்கு ‘ட்ரேஸ்’ அல்லது ‘ஒன் பிளஸ்’ என்று வந்திருந்தது. நான் அப்போது சர்க்கரை பார்க்கும் மேசையில் இருந்ததால் அந்தப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. சிறுநீர் மேசையில் இருந்த கல்லூரி மாணவி, கேட்டவர்களுக்கெல்லாம் “கிட்னியில் கொஞ்சம் பிரச்சினை இருக்கலாம், டாக்டரைப் பாருங்க” என்று நல்ல எண்ணத்தோடுதான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி நேராக என்னிடம் வந்து, “இன்னாம்மா இது, எனக்கு சுகரே இல்லியே, கிட்னி எப்டிம்மா கெட்டுப்பூட்டுது?” என்று கேட்டபோதுதான் நான் எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.

ஒரே ஊரில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறுவது நடக்கக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. குடிப்பதற்கு வைத்திருந்த கேன் தண்ணீரை ஒரு கப்பில் ஊற்றி, புதிய ஸ்ட்ரிப் ஒன்றைத் தோய்த்து, அறுபது விநாடி பொறுத்து, அதே இடத்தில் வைத்துப் படம் எடுத்தேன். செயலி ‘ட்ரேஸ்’ என்றது. அதே ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்தின் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் போய் உடனே மறுபடியும் எடுத்தேன். ‘நெகட்டிவ்’ என்று வந்தது.

நடந்தது என்னவென்று சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப்பில் ஆல்புமினைக் காட்டும் கட்டத்தில், அமிலத் தன்மையில் மஞ்சளாகவே இருக்கக்கூடிய ஒரு சாயம் தடவப்பட்டிருக்கிறது. ஆல்புமின் அந்தச் சாயத்தோடு ஒட்டிக்கொண்டால் மஞ்சள் மெல்ல இளம்பச்சையாகி, அளவு கூடக்கூடக் கரும்பச்சையாகவும் நீலப்பச்சையாகவும் மாறும். ‘ட்ரேஸ்’ என்பது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம், ‘ஒன் பிளஸ்’ என்பது 30, ‘டூ பிளஸ்’ என்பது 100. ஆக, நெகட்டிவுக்கும் ட்ரேஸுக்கும் இடையில் இருப்பது மஞ்சளில் சிறிதளவு பச்சை கலந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். எங்கள் தலைக்கு மேலேயோ பச்சை வலை. செயலியை எழுதியவர்கள் இதை எதிர்பார்க்காமல் இல்லை. ஸ்ட்ரிப்பின் பக்கத்தில் வெள்ளை, சாம்பல், மற்ற நிறங்கள் அச்சிட்ட ஒரு சிறிய அட்டையையும் வைத்துத்தான் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அட்டையின் வெள்ளை எவ்வளவு பச்சையாகத் தெரிகிறதோ அவ்வளவைக் கழித்துவிட்டு ஸ்ட்ரிப்பின் நிறத்தைக் கணக்கிடுவது அதன் முறை. ஆனால் எங்கள் மேசையில், வலையின் கிழிசல் வழியாக விழுந்த வெயில் அட்டையின்மேல் படிந்திருந்தது; ஸ்ட்ரிப் மட்டும் பச்சை நிழலில் கிடந்தது. அட்டை வெள்ளையாகவே தெரிந்ததால் கழிக்க எதுவும் இல்லை என்று செயலி முடிவு செய்து, வலையின் பச்சையையெல்லாம் சிறுநீரின் கணக்கில் எழுதிவிட்டது.

அந்த 19 பேரில் அங்கேயே நின்றுகொண்டிருந்தவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்கள் வீட்டுக்கும் கொல்லைக்கும் போய்விட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அன்று மாலை வரை வீடு வீடாகப் போய், “காலையில் பார்த்த சோதனையில் வெளிச்சத்தால் தவறு நேர்ந்திருக்கிறது, அடுத்த ஞாயிறு மறுபடியும் பார்த்துச் சொல்கிறோம், அதுவரை கவலைப்பட வேண்டாம்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சங்கடப்பட்ட மாலை வேறில்லை. மேசையைத் திறந்ததும் முதல் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்திருந்தால் அத்தனை பேரின் ஒரு வாரத் தூக்கம் கெட்டிருக்காது. எங்கள் லேபில் காலையில் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) ஓட்டாமல் ஒரு நோயாளியின் மாதிரியைக்கூட நான் தொட்டதில்லை. கோயில் வாசலில் கைபேசியைக் கையில் எடுத்ததும் அந்தப் பழக்கத்தை எப்படி விட்டேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரத்தில் நாங்கள் ஒரு பெட்டி செய்தோம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பி கொண்டுவந்த ஷூ டப்பாதான் அது. உள்பக்கம் முழுவதும் வெள்ளைத் தாள் ஒட்டி, மேல்மூடியில் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு, வெளி வெளிச்சம் நுழையாதபடி விளிம்புகளில் கறுப்பு டேப் சுற்றினோம். முதலில் கைபேசியின் ஃபிளாஷையே விளக்காக வைத்தபோது, ஈரமான கட்டத்தின்மேல் வெளிச்சம் பட்டு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி பளபளத்தது. செயலி அந்தப் பளபளப்பையும் சேர்த்துப் படித்து அளவைக் குறைத்துக் காட்டியது. பிறகு பேட்டரியில் எரியும் சிறிய வெள்ளை எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்னால் பட்டர் பேப்பரை மடித்து ஒட்டினோம். வெளிச்சம் பரவலாக விழுந்தது, பளபளப்பு போய்விட்டது. ஸ்ட்ரிப்பும் நிற அட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி இரண்டுக்கும் தாளில் பென்சிலால் கோடு போட்டு இடம் ஒதுக்கினோம். நிற அட்டையை இப்போது கறுப்பு உறையில் போட்டு வைக்கிறோம். வெயிலில் கிடந்து வெளுத்த அட்டை, தேய்ந்துபோன எடைக்கல்லைப் போன்றது.

பெட்டி வந்த பிறகும் இரண்டு விஷயங்கள் எங்கள் கையில்தான் இருக்கின்றன. ஒன்று நேரம். ஆல்புமின் கட்டத்தை அறுபதாவது விநாடியில் படிக்க வேண்டும் என்றால் அறுபதாவது விநாடியில்தான் படிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் பேச்சுக் கொடுக்கிறார் என்று மூன்று நிமிடம் விட்டால் நிறம் தொடர்ந்து மாறிக்கொண்டே போகும். ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் ஊறப் போட்டாலும் தவறு நேரும், ஏனெனில் கட்டத்தில் இருக்கும் அமிலம் கரைந்து போய்விட்டால் புரதம் இல்லாமலேயே பச்சை ஏறும். காரத்தன்மை மிகுந்த சிறுநீரும் இதே வேலையைச் செய்யும். தோய்த்து, விளிம்பில் தட்டி, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். மற்றொன்று, கைபேசியை மாற்றாமல் இருப்பது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமராவில் நிறத்தைத் தன் விருப்பப்படி திருத்துகிறது. சில கைபேசிகள் மனித முகம் அழகாகத் தெரிய வேண்டும் என்று மஞ்சளையும் சிவப்பையும் தாமாகவே கூட்டுகின்றன. ஆகவே புதிய கைபேசி ஒன்று வந்தால், தண்ணீர், கன்ட்ரோல் திரவம் இரண்டையும் பழைய கைபேசியிலும் புதியதிலும் மாறிமாறிப் பார்த்து, விடை ஒத்துப்போன பிறகே பயன்படுத்துகிறோம். கன்ட்ரோல் திரவம் தீர்ந்துவிட்ட ஒரு நாளில், முட்டையின் வெள்ளைக்கருவைச் சில சொட்டு தண்ணீரில் கரைத்துத் தோய்த்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆல்புமின் வகைதான் என்பதால் கட்டம் நன்றாகப் பச்சையாகும். அளவைச் சரிபார்க்க அது போதாது, ஸ்ட்ரிப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போதும்.

வாட்ஸ்அப்பில் ஸ்ட்ரிப் படத்தை அனுப்பி “அக்கா, இது எத்தனை பிளஸ்?” என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை. அனுப்பும்போது படம் சுருங்கி நிறம் குழம்பிவிடுகிறது. அதோடு படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் எழுதிய கப் தெரிகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே, ஒருவரின் சிறுநீர் முடிவை நாற்பது பேர் இருக்கும் குழுவில் போடுவது முறையாகாது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக எண் மட்டுமே கப்பில் எழுதுகிறோம். எண்ணுக்குரிய பெயர் காகிதப் பதிவேட்டில் இருக்கிறது.

சர்க்கரை பார்க்கும் மேசையிலும் கற்றுக்கொண்டது உண்டு. கைபேசியோடு ப்ளூடூத்தில் இணையும் குளுக்கோமீட்டர் நல்ல கருவி. எண்ணைக் கையால் எழுதும்போது நேரும் பிழை அதில் இல்லை. ஆனால் ஸ்ட்ரிப் டப்பாக்களில் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி ஒரு நாள் வந்த டப்பாவை கன்ட்ரோல் திரவத்தால் சோதித்தபோது, டப்பாவில் குறித்திருந்த எல்லைக்கு வெளியே எண் நின்றது. முழு டப்பாவையும் ஒதுக்கி வைத்தோம். ஐம்பது ஸ்ட்ரிப் வீணாகிறதே என்று அன்று சிலர் வருந்தினார்கள், எனக்கு வருத்தமில்லை.

பேரணாம்பட்டுப் பக்கத்தில் மாம்பழக் காலத்தில் நடந்த முகாமில், மண்டியில் பழம் பிரித்துவிட்டு நேராக வந்த ஒருவருக்கு 286 காட்டியது. அவருக்கு இதற்கு முன் சர்க்கரை கிடையாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தியபோதும் 200-க்கு மேல் வந்தது. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, வேறு விரலில் எடுத்தபோது 124. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை தோலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் அதை முழுவதுமாக நீக்குவதில்லை. அன்றிலிருந்து எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றன.

பீடி சுற்றும் பெண்களிடம் வேறொரு சிக்கல். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. இலையை மடித்து மடித்து அவர்களின் விரல் நுனி காய்த்துப் போயிருக்கும்; விரலைக் குத்தும் ஊசியான லேன்செட் சரியாக இறங்காது. ரத்தம் வரவில்லையென்று அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து அளவைக் கெடுக்கும். இடது கையின் மோதிர விரலில், நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்துவதும், குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்வதும் உதவுகின்றன. அதைவிட முக்கியமானது ரத்தசோகை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சிவப்பணுக்கள் குறைந்த ரத்தத்தில் பல குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையும் ரத்தசோகையில் தடுமாறும். வெளிறிய முகத்தோடு வரும் பெண்ணுக்குச் சர்க்கரை சற்றே கூடுதலாகத் தெரிந்தால், நான் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன். குளுக்கோமீட்டருக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 15197, 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படியே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவிகிதம் கூடவோ குறையவோ காட்டுவதற்கு இடம் இருக்கிறது. உண்மையில் 200 இருப்பவருக்கு 170 என்றோ 230 என்றோ வரலாம். வெறும் வயிற்றில் 126 என்ற கோட்டைக் கைபேசி தொட்டுவிட்டது என்பதற்காக ஒருவரைச் சர்க்கரை நோயாளி என்று நாங்கள் சொல்வதில்லை. நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்த பிறகு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டெங்கு அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் தொடங்கி ஆறாவது நாள். வீட்டிலேயே, டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 அட்டையில் சோதித்து, செயலியும் நெகட்டிவ் என்று சொல்லிவிட்டதாக அவனுடைய அம்மா என்னிடம் காட்டினார். “டெங்கு இல்லன்னு வந்துட்சுக்கா, சுரமும் விட்டுட்டுது” என்று நிம்மதியாகச் சொன்னார். அட்டை வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு தெளிவாக இருந்தது, செயலி கோட்டைச் சரியாகவே படித்திருந்தது. ஆனால் என்எஸ்1 என்பது காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் ரத்தத்தில் நன்றாகக் கிடைக்கும். ஐந்து நாட்களுக்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். அதோடு, டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். பையனுக்கு வயிற்று வலி இருந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அங்கே நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று அந்தச் செயலி ஓரிடத்திலும் கேட்கவில்லை. எங்கள் பதிவேட்டில் இப்போது பெயருக்கு அடுத்த கட்டமே ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்பதுதான்.

முகாமில் சோதனை செய்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும், இல்லாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும் சரியாகச் சொல்லும் சோதனை நம் கையில் இருக்கிறது. அது 50 பேரில் 45 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 950 பேரில் 95 பேரையும் நோயாளி என்று சொல்லிவிடும். ஆக மொத்தம் 140 பேரின் பெயருக்கு எதிரே பிளஸ் விழும். அவர்களில் உண்மையான நோயாளிகள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. இது பழுதான கருவியின் கணக்கு அல்ல, ஒழுங்காக வேலை செய்யும் கருவியின் கணக்கு. அதனால்தான் எங்கள் மேசையில் இப்போது ‘கிட்னி’ என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. “ஒரு நிறம் வந்திருக்கிறது, காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் இன்னொரு தடவை பார்த்துவிடுவோம்” என்று மட்டும் சொல்கிறோம். காய்ச்சல், கடும் உடல் உழைப்பு, மாதவிலக்கு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றிலும் புரதம் தற்காலிகமாகத் தெரியும். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்ல, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது ஆல்புமின் கூடியிருக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு: சாதாரண ஸ்ட்ரிப்பில் நெகட்டிவ் வந்தவருக்கும் தொடக்கநிலைக் கசிவு இருக்கலாம். ஆல்புமினுக்கும், தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுவதே தொடக்க அடையாளம். அந்தச் சிறிய அளவை எங்கள் ஸ்ட்ரிப் தவறவிடக்கூடும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களை, ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த விகிதத்தை லேபில் பார்க்கச் சொல்கிறோம்.

சோதனைக்குப் பிறகு அந்த மனிதர் எங்கே போவார் என்பதையும் முகாமுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைத் தேடி இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அதே வேலூருக்கு ஒடுகத்தூருக்கு உள்ளேயிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய கூலித் தொழிலாளிக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவது பெரிய முடிவு. வெறுமனே “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலோர் போக மாட்டார்கள். எனவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம், நோயாளியின் ஒப்புதலைக் கேட்டுவிட்டு, இரண்டாம் தடவையும் பிளஸ் வந்தவர்களின் பட்டியலைக் கொடுக்கிறோம். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். செயலியின் நினைவூட்டல் செய்தியைவிட அவர் வாசலில் வந்து நிற்பது வேலை செய்கிறது.

அடுத்த ஞாயிறு அதே ஊருக்குப் போனோம். மேசையைப் பச்சை வலைக்குக் கீழே போடாமல் கோயில் மண்டபத்துக்குள் போட்டோம், ஷூ டப்பாவை வைத்தோம், முதல் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் தோய்த்தோம், நெகட்டிவ். இரண்டாவதைக் கன்ட்ரோல் திரவத்தில் தோய்த்தோம். எதிர்பார்த்த ‘டூ பிளஸ்’. 19 பேரில் 18 பேர் காலை முதல் சிறுநீரோடு வந்திருந்தார்கள். அந்தப் பாட்டிதான் வரிசையில் முதலில் நின்றார். அவருக்கு நெகட்டிவ், செயலியின் திரையை அவரிடமே காட்டினேன், படிக்கத் தெரியாது என்றாலும் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பதினைந்து பேருக்கு நெகட்டிவ் வந்தது. மூன்று பேருக்கு இப்போதும் பச்சை தெரிந்தது. அவர்களில் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ள நெசவாளர். சிறுநீரை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார். அவருக்கு லேபில் எடுத்த விகிதமும் கூடுதலாகவே வந்தது. மூன்று மாதத்துக்குள் மறுபடியும் பார்த்து உறுதி செய்த மருத்துவர், சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்.

வராத அந்த ஒருவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே இரண்டாம் சோதனைக்கான கட்டம் காலியாக இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருவார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். அவருக்கென்று ஒரு ஸ்ட்ரிப்பும் கப்பும் எண் எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.